சாணி வண்டு வந்த வழி

சாயங்காலம் குகையைப் பூட்டுவதற்கு முன், பார்க்க வந்தவர்களில் யாராவது உள்ளேயே தங்கிவிட்டார்களா என்று கடைசியாக ஒரு சுற்றுப் பார்த்துவிட்டு வருவது அவள் வேலை. அதற்கென்று முழங்கை நீளத்தில் ஒரு டார்ச் வைத்திருந்தாள். பாறை இடுக்கில் அடிக்கிற அதே வெளிச்சத்தை மனிதர்கள் முகத்திலும் அடித்துப் பார்ப்பாள் என்பதால் டார்ச்சக்கா என்ற பெயர் ஒட்டிக்கொண்டது. குகை அலுவலகத்து மேனேஜருக்கு அவளைவிடப் பத்து வயதாவது கூட இருக்கும். அவரும் அப்படித்தான் கூப்பிடுவார்.

சந்தேகம் அவளுக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. அம்மா படுத்த படுக்கையாகக் கிடந்தபோது வீட்டுக்கு வந்துபோன பெரியம்மா, சித்தி, மாமா எல்லாரும் அவள் கன்னத்தைத் தட்டி, "ஒண்ணுமில்ல கண்ணு, சாதாரண காய்ச்சல்தான்" என்று சிரித்தார்கள். ஒருநாள் பள்ளிக்கூடம் விட்டு வந்தபோது வாசல் முழுக்கச் செருப்புகளாகக் கிடந்தன. அம்மாவுக்கு என்ன நோய் என்பது அந்த வீட்டில் அவளைத் தவிர எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அன்றிலிருந்து யாராவது காரணமில்லாமல் சிரித்தால் எதையோ மறைக்கிறார்கள் என்றே அவளுக்குத் தோன்றும்.

முதலில் ஒரு ஓட்டலின் துணி வெளுக்கும் இடத்தில் வேலை பார்த்தாள். தண்ணீரில் போடுவதற்கு முன் சட்டைப் பைகளைத் துழாவிப் பார்க்கிற வேலை. அந்தக் குணத்துக்கு அந்த வேலை அல்வா மாதிரி இருந்தது. கல்யாணமான பிறகு குகைக்கு மாறினாள். புருஷன் டவுன் பஸ் டிரைவர், அதிர்ந்து பேசாத மனிதர். மலையடிவாரத்தில் வீடு. வீட்டில் இவர்கள் இருவரோடு அவர் தம்பியும் இருந்தான். கல்யாணமாகாதவன். ஒரு பசுவையும் கன்றையும் வைத்துக்கொண்டு, பொழுது விடிந்தால் அதன் முகத்தில்தான் விழிப்பான்.

அவளுடைய சந்தேகத்தைக் கேலி செய்கிறவர்கள்கூட ஒரு விஷயத்தை மறக்கவில்லை. ஒரு மழைக்காலத்தில், கூட்டமாக வந்த ஒரு குடும்பம் எல்லாரும் பஸ் ஏறியாகிவிட்டது என்று சத்தியம் செய்தது. இவளுக்கு மட்டும் மனசு ஒப்பவில்லை. "எதுக்கு இவ்ளோ அழுத்தி அழுத்திச் சொல்றாங்க?" என்று மறுபடி உள்ளே போனாள். தூண் மாதிரி இறங்கியிருந்த பாறைக்குப் பின்னால் ஒரு பெரியவர் கால் பிசகி, பயத்தில் குரல் எழும்பாமல் உட்கார்ந்திருந்தார். குடும்பத்தில் ஆளாளுக்கு அவர் மற்றவரோடு இருப்பதாக நினைத்திருந்தார்கள். அதற்குப் பிறகு அவள் கதவைப் பூட்டலாம் என்று சொன்னால்தான் மேனேஜர் பூட்டச் சொல்வார்.

மாடுகளுக்கு ஒரு கொள்ளை நோய் வந்த வருஷம் அது. மலையடிவாரத்தில் இருக்கிற மாடுகளை, நோய் கண்டது காணாதது என்று பார்க்காமல், கொன்று புதைப்பதற்கு ஒப்படைத்துவிட வேண்டும் என்று உத்தரவு வந்தது. தடுப்புப் போட்ட லாரிகள் தெருத்தெருவாக வந்தன. பக்கத்து வீட்டுக்காரர் தொழுவம் நிறைய மாடு வைத்திருந்தவர். அத்தனையையும் ஏற்றிவிட்டுத் தெருவில் நின்று குழந்தை மாதிரி அழுதார். அன்றைக்கு டார்ச்சக்காவுக்குக் குகையில் வேலை. சாயங்காலம் வீடு திரும்பியபோது தொழுவம் கழுவி விடப்பட்டிருந்தது.

"குடுத்துட்டேன் அண்ணி" என்றான் கொழுந்தன்.

சொல்லிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தான். நன்றாகவே சாப்பிட்டான். மறுசோறும் கேட்டான். டார்ச்சக்கா கரண்டியைப் பிடித்துக்கொண்டு அவன் கண்களையே பார்த்தாள். கன்றுக்கு ஒரு தும்மல் வந்தால் தூங்காமல் கிடக்கிறவன் இவன். கண் சிவக்கவில்லை, மூக்கு உறிஞ்சவில்லை.

"உங்க தம்பி அழவே இல்லையே" என்றாள் புருஷனிடம்.

"அழுதா என்ன ஆகப்போகுது? நீ எல்லாத்தையும் நோண்டாம இரு" என்று திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கொஞ்ச நாள் கழித்துக் குகைக்குப் பூச்சி ஆராய்ச்சி செய்கிற ஒரு பெண் வந்தாள். இளவயது. முதுகில் மூட்டை மாதிரி ஒரு பை, நெற்றியில் கட்டிய விளக்கு, பை நிறையச் சின்னச் சின்ன டப்பாக்கள். வேலைக்காரர்கள் பூச்சி மேடம் என்று பெயர் வைத்துவிட்டார்கள். பொதுஜனம் போகக்கூடாத பின்கூடத்துக்குப் போக அவளுக்கு அனுமதி இருந்தது. அந்தக் கூடத்தின் கம்பிக்கதவுச் சாவி டார்ச்சக்காவின் இடுப்பில். கதவைத் திறந்துவிட்டு வெளியே காத்திருப்பாள். மேடம் உள்ளே தவழ்ந்து போய், உடம்பெல்லாம் சேறாக, முகமெல்லாம் சிரிப்பாக வருவாள்.

அந்தச் சிரிப்புதான் டார்ச்சக்காவுக்குப் பிடிக்கவில்லை.

ஒருநாள் மேனேஜர் எல்லாரையும் தன் அறைக்குக் கூப்பிட்டார். மேடம் ஒரு டப்பாவை மேஜைமேல் வைத்தாள். உள்ளே கட்டைவிரல் நகமளவு கறுத்த வண்டு ஒன்று, தன்னைவிடப் பெரிய உருண்டை ஒன்றைக் கட்டிப்பிடித்துக்கொண்டு கிடந்தது.

"இது சாணி வண்டு. பின்கூடத்துல நிறைய இருக்கு. குகைக்குள்ள இந்த மாதிரி வண்டு இருக்கறது சாதாரண விஷயம் இல்ல. என்ன ஏதுன்னு தெரியற வரைக்கும் பின்கூடத்தையும், அதை ஒட்டி ஜனங்க நடக்கற பாதையையும் மூடி வைக்கணும்னு கேட்டிருக்கேன்."

பாதிப் பாதையை மூடினால் பாதிப் பேருக்கு வேலை இருக்காது. டீ குடிக்கிற இடத்தில் அதே பேச்சு. "நம்ம வயித்துல வண்ட விட்டுடுச்சு இந்தப் பொண்ணு" என்றார் விளக்கு லைன் பார்க்கிற எலக்ட்ரீஷியன். எல்லாரும் சிரித்தார்கள். டார்ச்சக்கா சிரிக்கவில்லை.

எத்தனையோ வருஷமாக அந்தக் கூடத்துக்குப் போய் வருகிறாள். வௌவால் எச்சம் கிடக்கும். அதில் மேய்கிற கரப்பான், சிலந்தி, குட்டிக் குட்டிப் பூச்சிகள் எல்லாம் பார்த்திருக்கிறாள். இந்தக் கறுப்பு வண்டை ஒருநாளும் பார்த்ததில்லை. டப்பாவும் கையுமாக ஒருத்தி வந்த பிறகுதான் இவை முளைத்திருக்கின்றன. டப்பாவில் எடுத்துக்கொண்டு போகத் தெரிந்தவளுக்குக் கொண்டுவந்து விடவும் தெரியாதா? அபூர்வமான வண்டைக் கண்டுபிடித்தேன் என்று பெயர் வாங்க வேண்டுமே!

மறுநாள் மேடம் கை கழுவப் போன நேரத்தில் டார்ச்சக்கா அந்தப் பையைத் திறந்தாள். பழைய கை, பழைய வேலை. சரசரவென்று துழாவினாள். அடியில் ஒரு பெரிய டப்பா. மூடியில் ஓட்டைகள். உள்ளே சாணி, சாணிக்குள் உயிரோடு வண்டுகள்.

டப்பாவைத் தூக்கிக்கொண்டு நேரே மேனேஜர் அறைக்குப் போனாள். "பாத்தீங்களா சார்? கையும் களவுமா புடிச்சிட்டேன். இவங்கதான் கொண்டாந்து விடறாங்க" என்று எல்லார் காதிலும் விழும்படி சொன்னாள்.

மேடம் ஈரக் கையோடு வாசலில் வந்து நின்றாள். முகம் சுண்டிப் போயிருந்தது.

"அது உள்ள இருந்து எடுத்ததுக்கா. எவ்வளவு நாள் உயிரோட இருக்குன்னு பாக்க வச்சிருக்கேன். சாரே கையெழுத்துப் போட்டுத்தான் குடுத்தாரு."

மேனேஜர் தலையை ஆட்டினார். அவர் எதிரில்தான் அந்த டப்பா நிரப்பப்பட்டிருந்தது. டார்ச்சக்காவுக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. ஆனால் மேடம் அதோடு விடவில்லை. குரலைத் தாழ்த்தி மேலும் சொன்னாள்:

"நானும் உங்ககிட்ட ஒண்ணு கேக்கணும்னுதான் இருந்தேன். அந்த உருண்டையில புல்லு நாரு இருக்கு. வவ்வால் புல்லு தின்னாது. அது மாட்டுச் சாணி, அதுவும் புதுசு. பின்கூடத்துக்குச் சாவி உங்ககிட்ட மட்டும்தானே இருக்கு? யாரு உள்ள மாட்டுச் சாணி கொண்டாந்து போடறாங்க அக்கா?"

எலக்ட்ரீஷியன் அவளைப் பார்த்தார். மேனேஜரும் பார்த்தார். இத்தனை வருஷமாக அடுத்தவர் முகத்தில் வெளிச்சம் அடித்தவள்மேல் முதல் தடவையாக வெளிச்சம் விழுந்தது. "எனக்கென்ன தெரியும்" என்று முணுமுணுத்துவிட்டு வெளியே வந்தாள்.

வீட்டுக்கு வந்து அடுப்பைப் பற்றவைத்து டீ போட்டாள். பால் பொங்கியது. மேலே தடிமனாக ஏடு கட்டியது. அதைக் கரண்டியால் ஒதுக்கப் போனவள் அப்படியே நின்றுவிட்டாள்.

மாட்டை ஒப்படைத்த பிறகு பால் கடையிலிருந்துதான் வருகிறது. கொழுந்தன்தான் தூக்குப் போணியில் வாங்கி வந்து வைப்பான். "இப்பல்லாம் கடையில நல்ல பால் வருது" என்று புருஷன் ஒருமுறை சொன்னது நினைவுக்கு வந்தது. கடைப்பால் இப்படி ஏடு கட்டி அவள் எங்கே பார்த்திருக்கிறாள்? அடுப்பை அணைத்துவிட்டுப் பின்வாசலுக்குப் போனாள். கொழுந்தனின் ரப்பர் செருப்பு சுவரில் சாய்த்துக் காய வைக்கப்பட்டிருந்தது. எடுத்துத் திருப்பினாள். அடிப்பாகத்து வரிகளில் வெள்ளை வெளேரென்று சேறு காய்ந்து சுண்ணாம்பாக உதிர்ந்தது.

மலை முழுக்கச் செம்மண். வெள்ளைச் சேறு குகைக்குள் மட்டும்தான் உண்டு. தன் செருப்பிலிருந்து அதைத் தினமும் சுரண்டுகிறவளுக்கு வேறு யாரும் சொல்ல வேண்டியதில்லை.

அவள் யாரிடமும் வாயைத் திறக்கவில்லை. வார விடுமுறை வந்ததும், கொழுந்தன் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு, "விறகு பொறுக்கிட்டு வரேன் அண்ணி" என்று கிளம்பினான். "சீக்கிரம் வா தம்பி" என்றாள் சிரித்தபடியே. அந்தச் சிரிப்பைத் தன் முகத்தில் உணர்ந்தபோது அவளுக்கே அருவருப்பாக இருந்தது. அவன் தெருமுனை தாண்டியதும் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பின்னால் போனாள்.

பட்டப்பகல். மலையின் முன்பக்கம்தான் குகை வாசலும் டிக்கெட் கவுண்டரும். அவன் பின்பக்கமாக ஏறினான். முட்செடிகளுக்கு நடுவில் புகுந்தவன் திடீரென்று காணாமல் போனான். அவள் செடிகளை விலக்கிப் பார்த்தாள். ஆள் நிமிர்ந்து போகிற அளவுக்கு ஒரு பிளவு. உள்ளிருந்து குளிர்ந்த காற்றும், அதோடு தொழுவத்து வாசனையும் வந்தன.

உள்ளே பத்தடி தள்ளி, வெளிச்சம் எட்டுகிற இடத்தில், பசு நின்று அசைபோட்டுக்கொண்டிருந்தது. கன்று அதன் வயிற்றடியில் முட்டிக்கொண்டிருந்தது. கொழுந்தன் முதுகைக் காட்டிக்கொண்டு கூடையில் சாணியை அள்ளினான். வெளியே கொட்டினால் யார் கண்ணிலாவது படுமே. அதனால் கூடையைத் தூக்கிப்போய், பாறையில் வாய் பிளந்திருந்த ஒரு பள்ளத்தில் கவிழ்த்தான். அது விழுகிற சத்தம் வெகுநேரம் கழித்துத்தான் கேட்டது. அந்தப் பள்ளத்தின் அடி எங்கே இருக்கிறது என்பது அவளுக்கு உடனே விளங்கிவிட்டது. பின்கூடத்துக் கூரையில் ஓர் ஓட்டை உண்டு. சாணி அங்கே விழுந்தது. வாசம் பிடித்த வண்டுகளும் அதே வழியில் போய்ச் சேர்ந்திருக்கின்றன.

"தம்பி."

கூடை கைநழுவியது. திரும்பியவன் முகத்தில் ஈயாடவில்லை.

"அண்ணி... இதுக்கு நோய் இல்ல அண்ணி. வாயப் பாருங்க, குளம்பப் பாருங்க. ஒரு புண்ணு இல்ல. எப்படி அண்ணி குடுப்பேன்?"

"பக்கத்து வீட்டுக்காரர் மட்டும் எப்படிக் குடுத்தாராம்?"

அவன் திரும்பி கன்றின் கழுத்தைத் தடவினான். பசு அவளை அடையாளம் கண்டு தலையை ஆட்டியது. அதற்கு அவள் எத்தனை நாள் கழுநீர் வைத்திருக்கிறாள்! கை தானாக அதன் நெற்றிக்குப் போனது. போன கையை இழுத்துக்கொண்டாள்.

"உங்க அண்ணனுக்குத் தெரியுமா?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

"கேக்கறேன்ல?"

"அண்ணன்தான் அன்னிக்கு ஓட்டிட்டு வர கூட வந்தாரு."

அவள் பிளவின் வாசலில் ஒரு கல்லில் உட்கார்ந்தாள். பெரியம்மாவும் சித்தியும் மாமாவும் கன்னத்தைத் தட்டிய அந்த வீட்டிலேயே இன்னமும் இருப்பது போலிருந்தது. எவளோ ஒருத்தியின் பையைத் துழாவி, ஊர் கூட்டி அவமானப்படுத்தியாகிவிட்டது. குட்டு இருந்ததென்னவோ தன் வீட்டில். தினமும் அதைக் காய்ச்சிக் குடித்துக்கொண்டும் இருந்திருக்கிறாள்.

புருஷன் வேலை முடிந்து வந்ததும் அவள் சத்தம் போடவில்லை. அதுதான் அவரை அதிகம் பயமுறுத்தியது.

"எங்கிட்ட ஏன் மறைச்சீங்க?"

"நீ குகையில வேல பாக்கற. தெரிஞ்சா உனக்குத்தான் கஷ்டம்னு..."

"அது பொய். நிஜத்தச் சொல்லுங்க."

அவர் பஸ் சாவியை உள்ளங்கையில் உருட்டிக்கொண்டே நின்றார். "நீ சொல்லிடுவேன்னு பயம். உனக்கு யார்மேலயும் நம்பிக்கை கிடையாது. உன்னை எப்படி நம்பறதுன்னு எங்களுக்கும் தெரியல."

அந்த வார்த்தை அவளுக்குச் சுருக்கென்று தைத்தது. பொய் இல்லை என்பதால் இன்னும் ஆழமாகத் தைத்தது. கொஞ்ச நேரம் கழித்துக் கொழுந்தனைக் கூப்பிட்டாள்.

"காலையில நீயே மாட்டு டாக்டர்கிட்ட போய்ச் சொல்லு தம்பி. நோய் இல்லன்னு உன் கண்ணு சொல்லுது. டாக்டர் சொல்லட்டும். நான் யார்கிட்டயும் போகமாட்டேன். ஆனா யாராவது எங்கிட்ட கேட்டா, தெரியாதுன்னு சொல்லமாட்டேன்."

அவன் அன்றைக்குச் சாப்பிடவில்லை. அவன் விடிவதற்குள் மாட்டை ஓட்டிக்கொண்டு வேறெங்காவது போய்விடுவானோ என்று அவள் காது வாசலிலேயே கிடந்தது. எழுந்துபோய்ப் பார்க்கக் கால் பரபரத்தது. இன்றைக்கு மட்டும் பார்ப்பதில்லை என்று பல்லைக் கடித்துக்கொண்டு படுத்திருந்தாள். காலையில் அவன் குளித்து, வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு மாட்டு ஆஸ்பத்திரிக்குப் போனான்.

டாக்டர் அவனைக் காய்ச்சி எடுத்தார். பிறகு முகமூடியும் கையுறையுமாகப் பிளவு வரைக்கும் ஏறி வந்து ரத்தம் எடுத்தார். முடிவு வரும்வரை யாரும் மாட்டை நெருங்கக்கூடாது, அவன் ஒருவன் மட்டும் பார்த்துக்கொள்ளலாம் என்றார். அந்த நாட்களில் வீட்டில் யாரும் யாரோடும் முகம் கொடுத்துப் பேசவில்லை. டீ கறுப்பாகவே குடித்தார்கள்.

மாட்டுக்கும் நோய் இல்லை, கன்றுக்கும் இல்லை. இதற்குள் ஒப்படைக்கும் உத்தரவும் முடிவுக்கு வந்திருந்தது. உத்தரவை மீறியதற்காகக் கொழுந்தனைக் கூப்பிட்டுக் கண்டித்தார்கள். அதோடு போகட்டும் என்று விட்டுவிட்டார்கள். ஆனால் பசுவை வீட்டுக்கு ஓட்டி வந்த அன்று பக்கத்து வீட்டுக்காரர் வாசலில் நின்று பார்த்தார். திட்டவில்லை, கேட்கவில்லை. காலியான தன் தொழுவத்துப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். அந்தக் கதவு இவர்களுக்கு அப்புறம் திறக்கவே இல்லை. கொழுந்தனால் அதைத் தாங்க முடியவில்லை. தூரத்து ஊரில் ஒரு பால்பண்ணையில் வேலை தேடிக்கொண்டு, பசுவையும் கன்றையும் ஏற்றிக்கொண்டு போய்விட்டான். போகும்போது அண்ணனிடம் சொல்லிக்கொண்டான். அண்ணியிடம் சொல்லவில்லை.

டார்ச்சக்கா பூச்சி மேடத்திடம் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். மேடம் வாயைப் பிளந்துகொண்டு கேட்டாள்.

"அப்ப அந்தச் சாணி உங்க வீட்டுச் சாணியாக்கா?"

"எங்க வீட்டுச் சாணிதான். உன் பையத் துழாவினது தப்பும்மா. மன்னிச்சிரு."

மேடத்துக்கு முதலில் ஏமாற்றம், பிறகு அடக்க முடியாத சிரிப்பு. வெளியிலிருந்து வாசம் பிடித்து வந்த வண்டுகள் என்றால் அதில் பெரிய அதிசயம் ஒன்றுமில்லை. உள்ளே போய்ப் பார்ப்போமா என்று கேட்டாள். இந்தத் தடவை டார்ச்சக்கா கம்பிக்கதவுக்கு வெளியே நிற்கவில்லை. இரண்டு பேரும் தவழ்ந்து போனார்கள். மாடு போன பிறகு கூரை ஓட்டைக்குக் கீழே இருந்த சாணி காய்ந்து சருகாகியிருந்தது. கறுப்பு வண்டுகளில் பெரும்பாலானவை செத்துக் கிடந்தன. ஆனால் வௌவால் எச்சக் குவியலைக் கிளறியபோது, மிளகைவிடச் சின்னதாக, பழுப்பு நிறத்தில் சில வண்டுகள் நெளிந்தன. மேடம் மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தாள்.

"இதுவும் சாணி வண்டு ஜாதிதான்க்கா. இதுங்க மாட்டுக்காக வரல. வவ்வால் எச்சத்துலயே குடும்பம் நடத்துது. நான் பெருசையே பாத்துக்கிட்டு இதை விட்டுட்டேன்."

"நிஜமாவா? இல்ல எனக்காகச் சொல்றியா?"

"நிஜமாத்தான். சந்தேகமா இருந்தா நீங்களே வாரத்துக்கு ஒருதரம் வந்து பாத்துச் சொல்லுங்க."

பின்கூடம் மட்டும் மூடியே இருந்தது. நடைபாதையைத் திறந்துவிட்டார்கள். யாருக்கும் வேலை போகவில்லை. வாரத்துக்கு ஒருதரம் டார்ச்சக்கா உள்ளே போய் அந்தக் குட்டி வண்டுகளைப் பார்த்துவிட்டு வந்து மேடத்துக்குப் போன் செய்வாள். "இன்னும் இருக்கு. ஆனா போன வாரத்தவிட கொஞ்சம் சுறுசுறுப்பு கம்மி. என்ன விஷயம்னு தெரியல" என்பாள்.

குணம் அவ்வளவு சீக்கிரம் போய்விடுமா? புருஷன் இப்போதெல்லாம் எந்த ஸ்டாப்பில் யார் சில்லறைக்குச் சண்டை போட்டார்கள் என்பது வரைக்கும் வந்து ஒப்பிக்கிறார். இவ்வளவையும் சொல்கிறாரே, இதற்கடியில் வேறு எதையாவது ஒளிக்கிறாரோ என்று அவளுக்குத் தோன்றும். தோன்றியதை அப்படியே அவரிடம் கேட்டும் விடுவாள். அவர் தலையில் கை வைத்துக்கொண்டு சிரிப்பார்.

கொழுந்தன் போன பிறகு ரொம்ப நாள் வரைக்கும் அண்ணனோடு மட்டும் போனில் பேசிக்கொண்டிருந்தான். ஒரு மத்தியானம் முன்னறிவிப்பு இல்லாமல் வாசலில் வந்து நின்றான். கொஞ்சம் பருத்திருந்தான். அண்ணன் வீட்டில் இல்லை.

"அவர் வர நேரமாகும் தம்பி."

"தெரியும் அண்ணி. அதான் இப்ப வந்தேன்." செருப்பைக் கழற்றிவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்தான். "பண்ணையில கணக்குப் பாக்கற பொண்ணு ஒருத்தி. கல்யாணம் பண்ணிக்கலாம்னு இருக்கோம். அண்ணனுக்கு இன்னும் சொல்லல. முதல்ல உங்ககிட்டதான் சொல்றேன்."

டார்ச்சக்கா முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு அவன் எதிரில் உட்கார்ந்தாள். கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. அதைக் காட்டிக்கொள்ளாமல் ஆரம்பித்தாள்.

"பொண்ணுக்கு அப்பா அம்மா இருக்காங்களா? எங்க இருக்காங்க? உன்னை எதுக்குப் புடிச்சதாம்? வீட்டுல என்ன சொன்னாங்க? இப்ப எதுக்குச் சிரிக்கற நீ?"

"கேளுங்க அண்ணி" என்றான் அவன், சுவரில் வசதியாகச் சாய்ந்துகொண்டு. "எல்லாத்துக்கும் பதில் சொல்லிட்டுத்தான் போவேன்."